தட்டில் ஒரு மேடு

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் மிஷின் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் இயந்திரத்தோடு தலை நரைக்கும் வரை குடித்தனம் நடத்தியவள். "என்கிட்ட பேசினதைவிட அதுகிட்ட பேசினதுதான் அதிகம்" என்று அவள் புருஷனே சொல்லிச் சிரிப்பார்.

வேலை இதுதான். கல்லை மாவாக அரைத்து, தட்டின் குழியில் நிரப்பி, கண்ணாடிச் சில்லால் வழித்து மட்டமாக்கி உள்ளே வைக்க வேண்டும். திரையில் ஒரு கோடு ஓடி, சில இடங்களில் ஊசி போல எழும்பும். அதற்குப் பீக் என்று பெயர். கல்லில் இருக்கும் பேரியம் சல்பேட் என்ற உப்பின் பீக்குக்கு ஓரிடம், ஸ்ட்ரான்சியம் சல்பேட்டின் பீக்குக்கு வேறிடம். இரண்டும் ஒரே படிகத்தில் கலந்திருந்தால் பீக் நடுவில் எங்கோ நிற்கும். யாரை ஒட்டி நிற்கிறதோ அவர் பங்கு அதிகம். பிள்ளை முகத்தைப் பார்த்து அம்மா சாயலா அப்பா சாயலா என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். ஆனால் பொடி விளிம்புக்கு மேல் துளி மேடு கட்டினாலும் பீக் நகர்ந்து கணக்கு பொய்யாகிவிடும்.

இதைத் தன் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். வேலையில்லாமல் இருந்தவளை ஆய்வகத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், வேறென்ன? ஒரே வருடத்தில் ஆய்வகமே சின்னவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வீட்டிலும் இதே கதைதான். துணி துவைத்தது பெரியவள். மடித்து வைத்த சின்னவளைத்தான் அம்மா மெச்சுவாள்.

புது இயந்திரம் வரப்போகிறது, அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர் என்று பேச்சு அடிபட்டது. தலைவர் ஒரு கல்லைக் கொடுத்து, அதைப் பொடித்து இருவருக்கும் பிரிக்கும்படி சின்னவளிடம் சொன்னார். "ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனா பெரியவங்களுக்கு. இல்லேன்னா சரியாச் சொன்னவங்களுக்கு" என்றார்.

பெரியவள் பொடியை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஸ்டோர்காரர் வாசலில் நின்று, "மிஷின் அக்கா!" என்றார்.

"என்ன?"

"உங்களை இல்லக்கா, சின்னவங்களை."

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பெயரையுமா எடுத்துக்கொள்வாள்? அதற்குப் பிறகு கண்ணாடிச் சில்லைத் தொட்டாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை.

கணக்குகள் ஒத்துப்போகவில்லை. பெரியவளுக்கு ஸ்ட்ரான்சியம் நிறைய வந்தது, சின்னவளுக்குக் கொஞ்சம்தான். 'எங்கேயோ கோட்டை விட்டிருக்கா, இன்னைக்கு மாட்டினா' என்று கறுவிக்கொண்டு, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் தங்கையின் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தண்ணீர் நின்ற மாதிரி மட்டம். திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் குறை அகப்படவில்லை. பிறகுதான் தன் தட்டை எடுத்தாள். நடுவில் லேசாகத் தொந்தி போட்டிருந்தது.

பொடியை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பீக் நகர்ந்து போய்த் தங்கையின் பீக் நின்ற அதே இடத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் உள்ளே வந்தாள். "சாப்பிடலையாக்கா? சார்கிட்ட பேசிட்டேன். பொடியை நான்தான் சரியாக் கலக்காம பிரிச்சுட்டேன், அதான் வித்தியாசம்னு சொல்லிட்டேன். அப்ப ரெண்டு கணக்கும் சரிதான்னார். பொறுப்பு உனக்குத்தான்."

"என் தட்டைப் பார்த்தியா?"

சின்னவள் தலை குனிந்தாள். "காலைலயே பார்த்தேன்."

தோற்றிருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள். இவள் விட்டுக்கொடுத்து, அதை வாங்கிக்கொள்வதா? "கெட்டிக்காரிங்கிற பேரு பத்தாம நல்லவங்கிற பேரும் உனக்கே வேணுமாடி?" என்று தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்குள் போனாள்.

"சார், பொடியில குறை இல்ல. என் தட்டுலதான் மேடு. இவ கணக்குதான் சரி. இவ உங்ககிட்ட சொன்னது பொய்."

கடைசி வார்த்தை தேவையே இல்லை. வேண்டுமென்றேதான் சொன்னாள்.

"நீங்களாம்மா இப்படி?" என்றார் தலைவர் சின்னவளிடம். சின்னவள் முகம் சுருங்கி, கண் கலங்கியது. சின்ன வயதிலிருந்து பெரியவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. வயிறு குளிர்ந்தது. ஆனால் தலைவர் திட்டி முடிப்பதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. 'போதும் சார், விடுங்க' என்று அவளுக்கே வாய் வரை வந்தது. திட்டினாலும் பொறுப்பைச் சின்னவளுக்கே கொடுத்தார்.

இருவரும் நடைபாதையில் வந்தார்கள். பின்னாலிருந்து ஸ்டோர்காரர், "மிஷின் அக்கா!" என்று கூப்பிட்டார்.

இரண்டு பேர் காலும் நின்றன. அக்கா பதில் சொல்லட்டும் என்று சின்னவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அதுவும் பெரியவளுக்கு எரிந்தது.

"போடி, உன்னைத்தான்" என்றாள்.