நூநூ பள்ளிக்கு வராத பன்னிரண்டு நாள்

ரங்கூன் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நனைந்த குடைகளின் வாசனைதான். எண்ணெய் தடவிய துணிக்குடைகள்... வகுப்பு வாசலில் நாற்பது குடைகள் சாய்ந்து நின்று சொட்டிக்கொண்டிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்த கையோடு கப்பலேறியவள் நான். வயது இருபத்திரண்டு. மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் சத்தம் ஓயாத ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை. வகுப்பில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள், மீதி பர்மியப் பிள்ளைகள்.

முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் என்னை "சயாமா, சயாமா" என்றே கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் பெயர் சியாமளா போலிருக்கிறது என்று நினைத்தேன். என் பெயர் எஸ்தர் என்று போர்டில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.

"எஸ், சயாமா" என்றார்கள் எல்லோரும்.

சயாமா என்றால் டீச்சர் என்று ரோசம்மா சொல்லித்தான் தெரிந்தது. ரோசம்மா பக்கத்து வகுப்பு டீச்சர். ரங்கூனிலேயே பிறந்த தமிழ்ப் பெண். என் முழியைப் பார்த்து அவள் சிரிக்காத நாள் கிடையாது.

என் வகுப்பில் நூநூ என்று ஒரு பர்மியப் பிள்ளை. பத்து வயதிருக்கும். ஒரு நாள் இரண்டு கன்னத்திலும் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பில் கைவைத்து விளையாடியிருக்கிறாள் என்று எனக்குக் கோபம். எல்லோரும் பார்க்கக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவவைத்தேன். அவள் குனிந்து கழுவிக்கொண்டாள். நான் சொன்னது புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் பார்த்தால் பள்ளி ஆயாவின் கன்னத்திலும் அதே பூச்சு! கடைவீதியில் பாதிப் பெண்கள் முகத்திலும் அதே பூச்சு! தனகா என்று ஒரு மரப்பட்டையாம். நாம் மஞ்சள் பூசுவதுபோல அரைத்துப் பூசுவார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளையிடம் போய் என்ன சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது... அப்படியே விட்டுவிட்டேன்.

மழை விட்டு அக்டோபர் வந்தது. ஊரெல்லாம் விளக்குப் பண்டிகை. ஒரு சாயங்காலம் பள்ளி விட்டதும் நூநூ தன் அம்மாவோடு வகுப்புக்கு வந்தாள். அம்மா பெயர் டோ மியா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

இரண்டு பேரும் சட்டென்று என் காலடியில் மண்டியிட்டார்கள். கைகூப்பி, நெற்றி தரையில் பட...

கர்த்தரைத் தவிர வேறொருவரையும் வணங்காதே என்று கேட்டு வளர்ந்தவள் நான். என்னையே வணங்கினால்?

"ஐயோ, எழுந்திரிங்க! வேண்டாம், வேண்டாம்!" என்று கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் பழம் மட்டும் இருந்தது.

அடுத்த நாள் நூநூ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன். பத்து நாள் கடந்தது. இன்னும் மூன்று நாளில் வராவிட்டால் பெயரை அடித்துவிடுங்கள் என்றார் தலைமையாசிரியை அம்மா. அப்போதுதான் பயந்துபோய் ரோசம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"என்ன காரியம் செஞ்சீங்க டீச்சர்? அவங்க உங்களைச் சாமின்னு கும்பிடலை. இந்தப் பண்டிகைக்குப் பெரியவங்க, வாத்தியாருங்ககிட்ட வந்து, தெரியாமத் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்கன்னு கேப்பாங்க. நீங்க நல்லாயிருன்னு சொல்லணும். மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"மன்னிக்க மாட்டேன்னு அர்த்தம்."

குழாயடி ஞாபகம் வந்தது. முகம் கழுவவைத்த டீச்சருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றுதானே அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்? தப்புச் செய்தவள் நான். மன்னிப்புக் கேட்க வந்தது அவள்.

சனிக்கிழமை காலை தனியாக டிராம் ஏறி, நூநூவின் வீடு இருக்கும் ஆற்றங்கரைக் கெமண்டைனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க ரோசம்மா ஒரு பர்மிய வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள். வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே போனேன். படகுத்துறைச் சந்தைக்குப் பின்னால் மரக்கால்களின்மேல் நின்ற வீடு. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன்.

டோ மியா எதிரே வந்து நின்றதும் வாக்கியம் மறந்துபோய்விட்டது. ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், அவர்கள் செய்ததையே நானும் செய்தேன். அந்தப் பலகைத் தரையில் மண்டியிட்டுக் கைகூப்பினேன்.

டோ மியா அலறிவிட்டாள். சந்தையில் காய்கறி விற்றுக் கற்ற தமிழில், "வேணாம், வேணாம் சயாமா! எனக்குப் பாவம்!" என்று என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் முகத்தில் அப்படியொரு பயம். அன்றைக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு என்னைப் பாயில் உட்காரவைத்து, உள்ளே பார்த்து ஏதோ சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்ற நூநூ மெல்ல வந்தாள். மண்டியிட்டாள். நான் நகரவில்லை. கர்த்தாவே, இது சரியா தப்பா என்று கேட்டுக்கொண்டே, "நல்லாயிரும்மா. நல்லாப் படி" என்றேன் தமிழில்.

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. தலை நிமிர்ந்ததும் சிரித்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டாள். தலைமையாசிரியை அம்மாவிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மண்டியிட்ட கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் ஊர் திரும்பி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நூநூ இப்போது எங்கே இருக்கிறாளோ... இங்கே என் பேத்தி படிக்கும் பள்ளியில், பிள்ளை நாலு நாள் வராவிட்டால் அச்சடித்த கடிதம் ஒன்று வீட்டுக்கு வருகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முடிந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டியதில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் யார் யாரை மன்னித்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.