குச்சிக்குக் காவல்

சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கையில், ஆற்றில் எந்திரம் அள்ளிப் போட்ட வண்டலின் வாடை வந்தது. பழைய வெள்ளம் நினைவுக்கு வந்துவிட்டது. வைகைக்குக் கரை கட்டாத காலத்தில் எங்கள் வீடிருந்த பள்ளக்காட்டுக்குள் வெள்ளம் சத்தமில்லாமல்தான் வரும். முதலில் நுரை, பிறகு செத்தை, அதன்மேல் உருண்டையாய் எறும்புக் கூட்டம் என்று ஊர்ந்து ஊர்ந்து வரும். அப்படி வந்த ஒருநாள், தண்ணீர் ஓரத்தில் ஆமணக்குக் குச்சியை நட்டு, ஏழு வயதான என்னைக் காவல் வைத்தார் என்னைப் பெற்ற அய்யா.

"நெல்ல மேட்டுல ஏத்திட்டு வாரேன் தாயி. குச்சி முங்குச்சுன்னா கத்து. தொழுவத்துல கன்னுக்குட்டி கெடக்கு."

சொன்ன வேலையை என்னைப்போல் யார் பார்ப்பார்கள்? குச்சி முங்கினால்தான் கன்றுக்கு ஆபத்து என்று நினைத்து, தண்ணீர் குச்சியின் கழுத்தைத் தொடும்போதெல்லாம் பிடுங்கி, நாலடி பின்னால் நட்டு, பார்த்திருந்து, மறுபடி பிடுங்கி, கடைசிவரை முங்கவே விடவில்லை. குச்சி எங்கள் வாசற்படிக்கே வந்துவிட்டதை, அடுத்த நெல்மூடையை எடுக்கத் திரும்பிய அய்யா பார்த்தார்.

"அடி கூறுகெட்டவளே, குச்சியவா காப்பாத்துன!"

பள்ளத்துத் தொழுவத்துக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து, தொய்ந்து கிடந்த கன்றைத் தூக்கிவந்து என் காலடியில் போட்டார். அது தும்மும்வரை நான் மூச்சு விடவில்லை.