பண்டத்தரிப்பில் பாடிய கிணறு

இந்தப் பங்குனியில் நான் பண்டத்தரிப்புப் பக்கம் போனது ஊர் பார்க்கும் ஆசையால் அல்ல. ஊர்களை எனக்குத் தெரியும். நடுவில் கோயில் இருக்கும், கோயிலுக்குள் போக முடியாத ஆட்கள் ஓரத்தில் இருப்பார்கள். நான் போனது சிநேகிதன் ஜெபம் இழுத்தபடியால்.

ஜெபம் தெல்லிப்பழையில் ஒரு போதகரின் மகன். பேராதனையில் பௌதிகம் படித்து, இப்போது அங்கேயே மேற்படிப்புப் படிக்கிறான். கணக்கைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாத நல்ல மனிதன். நான் மயிலிட்டி, கடற்றொழில் செய்யும் குடும்பம். அவனிடம் உள்ள அதே பட்டம் என்னிடமும் உண்டு, வேலைதான் இல்லை. பட்டணத்தில் ஒரு றேடியோக் கடையின் பின்னறையில் இருந்து பழுது பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் உணர்கருவி செய்கிறேன். ஒன்று வெளிச்சம் பட்டால் கத்தும், ஒன்று சூடு ஏறினால் கத்தும். செய்தவனின் குணம்தான் சாமானுக்கும் வரும் என்று அம்மா சொல்வா.

பண்டத்தரிப்புக்கு அப்பால் ஒரு குறிச்சியில் வாசிகசாலை ஆண்டுவிழா. 'நவீன விஞ்ஞானம்' பற்றிப் பேச ஜெபத்தைக் கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு கருவியும் காட்டினால் சனம் வரும் என்று எழுதியிருந்தார்களாம். அந்தச் சனம் சேர்க்கும் ஆள் நான். குறிச்சியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடி விழுவது விழ வேண்டியவர்களுக்கு அல்ல.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஒன்பதேகாலுக்கு பஸ். மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகப் பத்து மைல் அளவு தூரம். முக்கால் மணி நேரம் என்று சொல்வார்கள். ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாரதி மானிப்பாயில் இறங்கி வெற்றிலை வாங்குவார், வாங்கிய கடையில் கதைப்பார். நான் கொண்டுபோனது எட்டடி மூங்கில் தடி, அதில் நீளவாட்டில் இரண்டு செப்புக் கம்பிகள், ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அடைத்த மின்சுற்று. கம்பிகள் தண்ணீரில் எவ்வளவு ஆழம் நிற்கின்றனவோ அதற்கேற்றபடி ஒலி வரும். தண்ணீர் உயர்ந்தால் சுருதி ஏறும், தாழ்ந்தால் இறங்கும்.

"உது என்ன தம்பி, தூண்டிலோ?" என்றார் கொண்டக்ரர்.

"ஓம் அண்ணை. தண்ணியைப் பிடிக்கிறது."

"மீனைப் பிடிச்சால் பரவாயில்லை, விட்டிருப்பன். தண்ணியைப் பிடிக்கிறதுக்கு ரிக்கற் எடுக்கவேணும்."

தடிக்கும் அரை ரிக்கற் எடுத்தேன். நீங்கள் ஏதாவது கருவி கொண்டுபோவதாக இருந்தால் அதை மீன் சம்பந்தமானது என்று சொல்லிவிடுங்கள்.

வழி முழுக்க ஜெபமும் நானும் சண்டை. அவன் பேசப்போவது 'பின்னல்' பற்றி. ஓர் அணுவிலிருந்து ஒன்றாகப் பிறந்த இரண்டு ஒளித்துணிக்கைகள் எதிர்எதிர்ப் பக்கமாகப் போகின்றன. இங்கே ஒன்றை அளந்தால், அங்கே மற்றதின் விடை இதனோடு பொருந்தி நிற்கிறது. நடுவில் ஒன்றும் போய்வரவில்லை. அமெரிக்காவில் அளந்து பார்த்துவிட்டார்கள். பிரான்சில் இன்னும் திறமாக அளக்க ஆயத்தம் நடக்கிறதாம். "எல்லாம் கடதாசியிலை முதலே வந்திட்டுது மச்சான்" என்றான் அவன். "கடதாசியிலை வந்தால் புராணம். ஒற்றைத் துணிக்கையைப் பிடிக்கிற உணர்கருவி ஒருத்தன் செய்தபிறகுதான் அது பௌதிகம்" என்றேன் நான். முன் ஆசனத்தில் இருந்த மனிசி திரும்பி, பெண் பகுதியோ மாப்பிள்ளைப் பகுதியோ என்று கேட்டா. இரண்டு பேரும் எதிர்எதிர்ப் பக்கம் போய்ப் பொருந்துகிறார்கள் என்றால் கலியாணப் பேச்சு என்று நினைத்துவிட்டா.

சந்தியில் இறங்கி ஒன்றரை மைல் நடை. நிழல் இல்லை, குடை கொண்டுபோங்கள். வாசிகசாலைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு ஓலை வீடுகளும் ஒரு கிணறும். அந்தப் பக்கம், எண்பது யார் தள்ளி, பெரிய தோட்டமும் இன்னொரு கிணறும். அதில் ஒரு தண்ணீர் மெசின் உறுமிக்கொண்டிருந்தது. ஓலை வீட்டுக் கிணற்றடியில் வாளியோடு நின்ற பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். பெயர் பூரணம், நாற்பது வயது இருக்கும்.

"தருவன் தம்பி. மெசின் நிண்டபிறகு வாங்கோ."

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அவ இறக்கிய வாளி அடிக்கல்லில் உரசிக்கொண்டிருந்தது.

"அந்த மெசினோ இதை இழுக்குது?"

"நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறம். விடிய அஞ்சு மணிக்குப் போட்டால் மத்தியானம் வரைக்கும் எங்களுக்குச் சேறுதான். ஒன்பது மணி வரைக்கும் போடவேண்டாமெண்டுதான் கேக்கிறம். பிள்ளையள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போகுதுகள். முகம் கழுவேல்லை எண்டு அங்கை அடி."

"மெசின்காரர் என்ன சொல்லுறார்?"

"மாஸ்ரரோ? அது வேறை ஊத்தாம், இது வேறை ஊத்தாம். நடுவிலை வேலி இருக்குத்தானே எண்டு கேக்கிறார்."

"வேலி எவ்வளவு ஆழம் அக்கா?"

"ஒரு முழம்" என்றா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பின்னேரம் பேச்சு முடிந்தபின் வாசிகசாலைப் பொதுக்கூட்டத்தில் இந்த விடயம் வருகிறதாம். தலைவர் யார் என்று கேட்டேன். மாஸ்ரர்தான்.

மாஸ்ரர் பென்சன் எடுத்த தலைமையாசிரியர். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, வாயில் ஆங்கில இலக்கணம். எங்களை அன்பாக வரவேற்றார்.

"தம்பி எவடம்?"

"தெல்லிப்பழை. போதகற்றை மகன்" என்றான் ஜெபம். அவனுக்கு வீட்டுப் பித்தளை மூக்குப்பேணியில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் வந்தது.

"மற்றத் தம்பி?"

"மயிலிட்டி" என்றேன். மாஸ்ரரின் கண் என் கையிலிருந்த தடிக்குப் போய்த் திரும்பியது. "ஆ. தம்பிக்கு ஒரு சோடா எடுப்பியுங்கோ."

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். சோடாப் போத்தல் வீட்டுப் பாத்திரம் அல்ல. யார் வாய் வைத்தாலும் கடைக்குத் திரும்பிப் போய்விடும். எங்கள் நாட்டில் அவமானத்தைக்கூடக் குளிரவைத்துத்தான் தருவார்கள். ஜெபம் என்னை நெருங்கி, "உனக்குத்தான் மச்சான் விசேஷக் கவனிப்பு" என்று பொறாமையோடு சொன்னான். கோட்பாட்டுப் பௌதிகம் படித்தால் இப்படித்தான்.

நாலு மணிக்குக் கூட்டம். முன்னால் கதிரைகள், பின்னால் நீள மர வாங்குகள், வேலிக்கு வெளியே பூரணத்தின் ஆட்கள். வேலி ஒரு முழம் ஆழம்தான், ஆனால் ஆட்களை வெளியே நிறுத்த உயரம் காணும். பூவரசில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். ஜெபம் எழுந்தான். ஆச்சரியம், நன்றாகவே பேசினான்.

"இரட்டைப் பிள்ளையள் ரெண்டு பேர் சோதினை எழுதினம் எண்டு வையுங்கோ. ஒருத்தன் பருத்தித்துறையிலை, மற்றவன் காரைநகரிலை. ஆருக்கு எந்தக் கேள்வி வருமெண்டு முதலே தெரியாது. ஒரே கேள்வி வந்தால் ரெண்டு பேரும் ஒரே விடை எழுதினம். ஒருக்காலும் பிழைக்கிறேல்லை."

மாஸ்ரருக்குள் இருந்த தலைமையாசிரியர் விழித்துவிட்டார். "விடை எழுதின துண்டு கொண்டு போயிருப்பாங்கள்."

"அப்பிடித்தான் கனபேர் நினைச்சினம் சேர். ஆனால் வேறை வேறை கேள்வி வரேக்கை விடையள் எப்பிடிப் பொருந்துது எண்டு எண்ணிப் பார்த்தால், எந்தத் துண்டாலும் அது ஏலாது எண்டு கணக்குக் காட்டுது."

"அப்ப யன்னலாலை கதைச்சிருப்பாங்கள்."

"அவ்வளவு நேரம் இல்லை. ஒளிக்குக்கூட அங்கை போய்ச் சேர நேரம் காணாது. ஒருத்தன் மற்றவனுக்கு ஒண்டும் செய்யேல்லை சேர். ஆனாலும் பொருந்துது."

சனம் கை தட்டியது. யாரோ ஒருவர் தன் மகனையும் அப்படிச் சோதினை எழுத வைக்க வழியுண்டா என்று கேட்டார். பிறகு மாஸ்ரர் தலைமையுரைக்கு எழுந்தார். மைக்கைத் துடைத்தார்.

"அன்பர்களே, அருமையான உரை. இதிலிருந்து நமது ஊருக்கு ஒரு பாடம் உண்டு. இங்கே மெசின் ஓடுகிறது, அங்கே ஒரு கிணறு தாழ்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். இரண்டும் ஒரே வேளையில் நடக்கலாம். ஆனால் ஒன்று மற்றதற்கு எதுவும் செய்யவில்லை, நடுவில் எதுவும் போய்வரவில்லை என்று இன்று நவீன விஞ்ஞானமே கூறிவிட்டது. ஆகவே பூரணத்தின் கோரிக்கை தானாகவே தீர்ந்துபோகிறது."

கதிரைகள் கை தட்டின. ஜெபத்தைப் பார்த்தேன். "அது வந்து, ஒரு விதத்திலை..." என்று வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் எத்தனையோ பேர் கண்விழித்துக் கண்டுபிடித்ததை, பண்டத்தரிப்பில் ஒரு மனிதர் தண்ணீர் திருடப் பாவித்துவிட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"மாஸ்ரர், ஒரு கேள்வி. பின்னலிலை ஒரு சங்கதி இருக்கு. இஞ்சை இருக்கிறவன் என்னதான் செய்தாலும் அங்கை இருக்கிறவனுக்கு ஒரு சேதியும் போகாது. நினைச்ச விடையை வரப்பண்ணவும் ஏலாது. சரியோ ஜெபம்?"

"ஓம், ஓம். அது மிக முக்கியம்" என்றான் ஜெபம், கரை கண்டவன் போல.

"அப்ப உங்கடை மெசினைப் போடுறதும் நிப்பாட்டுறதும் அந்தக் கிணத்துக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அது பின்னல் இல்லை. உறிஞ்சல். என்ரை கருவியை இப்ப காட்டத்தானே வேணும். அந்தக் கிணத்துக்குள்ளை இறக்கிக் காட்டுறன்."

தன் கிணற்றில்தான் இறக்குவேன் என்று மாஸ்ரர் எதிர்பார்த்திருந்தார். அதற்காகக் கிணற்றுக் கட்டைக் கழுவியும் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் விஞ்ஞானத்தை எப்படி மறுப்பது? "தாராளமாக" என்றார்.

வயரை வேலிக்கு மேலால் எடுத்துப் போனோம். மத்தியானம் மெசின் நின்றபின் கிணறு ஊறி நிறைந்திருந்தது. தடியை இறக்கி, மறுமுனையை ஒலிபெருக்கியில் கொடுத்தேன். பூவரசிலிருந்து சுருதிப்பெட்டி போல உயர்ந்த ஓர் ஒலி ஊர் முழுக்கப் போனது. ஒலிபெருக்கிக்காரர் தலையில் கை வைத்தார். "தம்பி, உதாலை குழாய் வெடிச்சால் ஆர் பொறுப்பு?" வாங்கில் இருந்த ஒருவர், இது எந்தப் படப் பாட்டு என்று கேட்டார்.

மெசினைப் போட்டார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சுருதி அசையவில்லை. மாஸ்ரர் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். ஐந்து நிமிடம் போனபோது எனக்கு வியர்த்தது. பூரணம் கிணற்றுக் கட்டில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தா. தோற்றால் எனக்குப் போவது ஒரு பின்னேரம். அவவுக்குப் போவது தண்ணீர்.

ஏழாவது நிமிடத்தில் ஒலி கொஞ்சம் வழுக்கியது. பிறகு இறங்கத் தொடங்கியது. சங்கு ஊதி மூச்சு முடிகிறவனைப் போல, பிறகு ஆட்டுக்கிடாயைப் போல. ஒழுங்கையில் கட்டியிருந்த ஒரு கிடாய் உண்மையாகவே பதில் சொன்னது.

"நிப்பாட்டுங்கோ" என்றா பூரணம்.

மெசின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சுருதி ஏறியது.

"தற்செயல்" என்றார் மாஸ்ரர்.

"அப்ப திருப்பிப் போடுங்கோ" என்றா பூரணம். போட்டார்கள், இறங்கியது. "நிப்பாட்டுங்கோ." நிறுத்தினார்கள், ஏறியது. அந்த மெசின் வந்த நாளிலிருந்து அவவுடைய சொல்லுக்கு அது ஓடியது அன்றுதான். மூன்றாம் முறையும் போடச் சொன்னா. விஞ்ஞானத்துக்கு இரண்டு தரமே காணும் என்றேன். "எனக்குக் காணாது தம்பி" என்றா.

"ஒளியைவிட வேகமில்லை" என்று ஜெபம் மைக்கில் அறிவித்தான். "மாட்டு வண்டியைவிட மெதுவாகத்தான் இது போகுது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை ஒரே தண்ணி."

'ஒரே தண்ணி' என்ற சொல் விழுந்ததும் முன்வரிசை அசைந்தது. கோயில் மணியம் பார்க்கும் ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார்.

"அப்ப தம்பி, உவையள் வாளி விட்டு அள்ளுற தண்ணியும் நாங்கள் குடிக்கிற தண்ணியும்..."

"ஒண்டுதான் ஐயா" என்றேன். "உங்கடை பாட்டன் காலத்திலையிருந்தே."

கதிரைகளில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் ஒருமுறை எச்சில் விழுங்கினார்கள். மாஸ்ரர் கெட்டிக்காரர், தன் இக்கட்டை உடனே கண்டுகொண்டார். கிணறுகள் இரண்டும் ஒன்று என்றால் அறுபது வருடத் தீட்டு வயிற்றுக்குள் இருக்கிறது. இல்லை என்றால் மரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கும் குழாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். செயற்குழு வாசிகசாலைக்குள் போய்க் கதவைச் சாத்தியது. கால் மணி நேரத்தில் காரியதரிசி வெளியே வந்து தீர்மானத்தை வாசித்தார்.

"மேற்படி இரு கிணறுகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை இச்சபை உறுதிப்படுத்துகிறது. எனினும் காலை வேளையில் மெசின் சத்தம் மாணவர் படிப்புக்கு இடையூறு செய்வதால், ஒன்பது மணிக்கு முன் அதனை இயக்கலாகாது."

நான் கத்தப் போனேன். பூரணம் வேலிக்கு மேலால் என் சட்டையைப் பிடித்தா.

"சும்மா இரும் தம்பி. ஒன்பது மணி எண்டு சொல்லியாச்சு."

"பொய் அக்கா அது. தொடர்பு இல்லையாம்."

"இல்லாட்டிப் போகட்டும். அவையளுக்குத் தொடர்பு வேண்டாம், எங்களுக்குத் தண்ணி வேணும். உம்மடை தடியை எடுத்துக்கொண்டு போம், நான் அள்ளவேணும்."

விடைபெற மாஸ்ரர் வீட்டுக்குப் போனோம். வழக்கம்போல எனக்குச் சோடா வந்தது. ஜெபத்துக்கும் சோடா வந்தது. மூக்குப்பேணியைக் காணவில்லை. மாஸ்ரர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, தொடர்பே இல்லாத தன் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஒரு சோடா குடித்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் ஒரு பெட்டி நிறையப் போத்தல்கள். அந்தச் சோடா உரும்பிராய்ப் பக்கம் செய்வது. அங்கேயும் அதே சுண்ணாம்புக் கல், அதே தண்ணீர். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் குடித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பயணத்தில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. பூரணம் சொன்னதைத்தான் கருவியும் சொன்னது. அவ சொன்னபோது அது முறைப்பாடு, மூங்கில் தடி சொன்னபோது அது விஞ்ஞானம். ஆனால் காலையில் கிணறு நிறைந்தபடி இருக்கிறதாம். போன கிழமை ஜெபத்துக்குத் தகவல் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கடைசி பஸ் ஆறரைக்கு என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், ஆறு மணிக்கே சந்தியில் நில்லுங்கள். நீளமான வயர் கொண்டுபோங்கள். ஒலிபெருக்கிக்காரரை முதலே சமாதானப்படுத்துங்கள். தாகம் எடுத்தால் மாஸ்ரர் வீட்டுக்குப் போக வேண்டாம், அங்கே சோடாதான் கிடைக்கும். விடியவே பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கு முன் போய்ப் பூரணம் அக்காவிடம் கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்காமல் வாளியைத் தருவா.