முனியாண்டி செருப்பில் வெட்டிய பொட்டு

சாமி காரியமாயிற்றே, ஊர் என்ன சொல்லுமோ என்று இதை எழுதாமலே பல வருடங்களைத் தள்ளிவிட்டேன். ஆனால் எந்தத் தச்சுக்கடையிலிருந்து வச்சிரப் பசை காய்ச்சும் வாடை வந்தாலும் அம்மா என் கண்முன் வந்து நிற்கிறாள். இனியும் அடக்கிவைக்க முடியவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. பந்தைத் தட்டும் கோலின் நுனியில் சின்னத் தோல்வில்லை ஒன்று இருக்கும். அப்பா அதை "டிப்பு" என்பார், அம்மா "பொட்டு" என்பாள். சீமைச் சரக்கு நின்றுபோய், இருந்ததெல்லாம் தேய்ந்துவிட்டது. தோட்டத்தில் எது ஒழுகினாலும் கிழிந்தாலும் ரப்பர்தானே மருந்து? அப்பாவும் அதையே வெட்டி ஒட்டினார். ஜப்பான் அதிகாரி ஓங்கித் தட்ட, பந்து மேசையைத் தாண்டிக் குதித்து அவர் பூட்ஸ் மேலேயே விழுந்ததாம்.

மறுநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசலில் வந்து நின்றார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள குச்சி சரியாகலன்னா, சயாம் ரயிலு வேலைக்கு உன் பேரத்தான் குடுக்கச் சொல்லிட்டான்யா ஜப்பான்காரன். நான் என்னா செய்ய?"

சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

ஆடுமாடெல்லாம் பட்டாளத்துச் சமையலுக்குப் போய்விட்ட அந்த நாளில், தோட்டத்தில் கெட்டித் தோல் இருந்தது ஓரிடத்தில்தான்: முனியாண்டி கோயிலில் நேர்த்திக்கடனாக வைத்திருந்த பெரிய செருப்பு. அம்மா அதைச் சொன்னதும் அப்பா மறுத்தார். "சாமி செருப்புல கைய வச்சா குடும்பம் வெளங்குமாடி?"

அம்மா தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு போய், சூடம் கொளுத்திச் சத்தமாகவே கேட்டாள்: "ஐயா முனியாண்டி, கொஞ்ச நாளைக்கு நீ வெறுங்காலோட காவல் சுத்து. எம் புருஷன சயாமுக்கு நடக்க வச்சிராத."

செருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் அடித்தோலை அவளே வட்டம் வட்டமாக வெட்டி, மரவள்ளிக் கஞ்சியில் ஊறவைத்து, பலகை இடுக்கில் அம்மிக்கல் ஏற்றி இறுகவிட்டாள். அப்பா வச்சிரம் காய்ச்சி ஒட்ட, அவள் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளுக்குப் பதில் சொரசொரப்பான காட்டிலையால் தேய்த்து, மொச்சைக்கொட்டை முதுகுபோல வளைத்தாள். தடவிப் பார்த்து, "வழுக்குது, இன்னும் தேய்ங்க" என்று அப்பாவை விரட்டினாள்.

ஞாயிறு சாயங்காலம் அப்பா சீட்டியடித்துக்கொண்டே வந்தார். "பந்து சொன்ன பேச்சு கேக்குதுடி!"

"பந்தா கேட்டுச்சு? முனியாண்டி கேட்டாரு" என்றாள் அம்மா.

ஜப்பான் சண்டை முடிந்ததும் அப்பா தன் கையாலேயே புதுச் செருப்பு தைத்துக் கோயிலில் வைத்தார். இன்று அந்தக் கிளப் இல்லை, மேசை இல்லை. ரப்பரும் போய் எண்ணெய்க்கு வைத்த செம்பனை மரங்கள் நிற்கின்றன. முனியாண்டிக்கு மட்டும் வருடம் தவறாமல் எங்கள் வீட்டுச் செருப்பு போகிறது.

இதைப் பிறருக்குச் சொல்லும்போது, சாமி காப்பாற்றியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மா சாமி செருப்பைத் தானாக எடுத்துவிட்டாள் என்றும் மாற்றிவிடாதீர்கள். அவள் கேட்டாள், அவர் கொடுத்தார். அப்படியே சொல்லுங்கள்.