ததேயுஸ் ஹெட்போன் மாட்டிய மத்தியானம்

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கல்யாணமோ திருவிழாக் கொடியேற்றமோ, மைக் செட் என்றால் ததேயுஸ்தான். சத்தத்தைப் பற்றி மனிதருக்கு ஒரே கொள்கை. கோயில் முற்றத்தில் பாடினால் கடலில் வள்ளத்தில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். பாட்டு ஆரம்பித்ததும் விறுவிறுவென்று கரைக்கு நடந்து, அங்கே நின்று காதுகொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். பக்கத்து வீட்டுக்காரர்களின் காது என்னாகும் என்றெல்லாம் அவர் தலையை உடைத்துக்கொண்டதில்லை.

அந்த மைக்கில் பெரும்பாலும் பாடியது அவர் மனைவி ஞானசெல்வி. பாடகர் குழுவில் எத்தனை பேர் நின்றாலும் ஊர் காத்திருப்பது அவள் குரலுக்குத்தான். இப்போது அவள் கழுத்தில் தைராய்டு கட்டி. நாகர்கோவில் டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, ஆப்பரேஷனுக்குப் பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி தர முடியாது. இத்தனை வருடம் அந்தக் குரலை ஊருக்கெல்லாம் கேட்கவைத்தவரிடம் அதன் நல்ல பதிவு ஒன்றுகூட இல்லை. அது உறைத்தபோது ததேயுஸுக்கு நெஞ்சு பதறிவிட்டது.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெப்சி, வீட்டிலேயே பதிவு செய்ய ஓர் இன்டர்ஃபேஸ் அனுப்பினாள். மைக்கின் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி.

"இத்திப்போல பெட்டி, செல்விக்க கொரலைத் தாங்குமா?" என்று ததேயுஸுக்குச் சந்தேகம். ஆகவே மைக்கை நேராக அதில் செருகாமல், தன் பழைய மிக்ஸரில் செருகி, அங்கே சத்தத்தை நன்றாக ஏற்றி, இன்டர்ஃபேஸின் மைக் துளைக்குள் விட்டார். கூட வந்த ஹெட்போனின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஞானசெல்வியைப் பாடச் சொன்னார். அவள் பாடப் பாடப் பெட்டியின் குமிழைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு எரிந்தால் கரண்ட் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். மனிதர் மனம் குளிர்ந்துபோனார்.

போட்டுக் கேட்டால், காய்ந்த ஓலையைக் கிழிப்பதுபோலக் கரகரவென்று இருந்தது. ஜெப்சிக்குப் போன் போட்டார்.

"அப்பா, செவப்பு எரிஞ்சா சத்தம் கூடிப்போச்சு. மிக்ஸரைக் கழத்திட்டு மைக்கை நேரா குத்துங்க. ஹெட்போனைப் போட்டுக் கேட்டுக் கொறைங்கப்பா."

ததேயுஸ் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசினார். "ஏட்டி, எனக்க மடத்தனம். இன்னும் ஒரு வாட்டி பாடுவியா?"

"பாடுதேன். நாளைக்கு எனக்க தலையவா எடுக்கப்போறாவ? சின்னக் கட்டிதானே" என்று சிரித்தாள். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்தே அவள் இப்படித்தான். தூங்காமல் புரண்டவர் அவர், தேற்றிக்கொண்டிருந்தவள் அவள்.

மிக்ஸரைக் கழற்றி மைக்கை நேராகச் செருகினார்; ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவளை ஒரு வரி பாடச் சொல்லி, பச்சை மட்டும் எரியும்வரை குமிழைத் திருப்பினார். அவள் மாதா பாட்டைத் தொடங்கினாள். தூரத்தில் நின்றே கேட்டுப் பழகிய குரல் இன்று காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. உதடு பிரிவதும் அவள் மூச்சு இழுப்பதும்கூடக் கேட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த மூச்சு நடுங்கியது. ஒயரில்தான் கோளாறு என்று நினைத்து அதை ஆட்டிப் பார்த்தார். ஒயரில் ஒன்றுமில்லை.

பாட்டு முடிந்தது. "சரியா விழுந்திச்சா?" என்றாள்.

"பயமா இருக்காட்டி?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆமா" என்றாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். ததேயுஸ் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் அவளை அணைத்துக்கொண்டார். பதிவை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை.

ஜெப்சிக்குப் பாட்டை மட்டும் வெட்டி அனுப்பினார். மிச்சத்தை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை; அழிக்கவும் இல்லை.