மஞ்சள் குடையும் பின்வாசலும்

அந்தப் பழைய கடைவீதியின் வாயிலில், வளைவுக்கு நேர் கீழே, நிழல் நாள் முழுக்க நகராத ஒரு இடம் உண்டு. வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வந்து நின்று வாயைப் பிளப்பது அங்கேதான். அதனால் கடைவீதியைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த இடம் தங்கம். வெகுகாலம் அது குடைக்காரரிடம் இருந்தது.

குடைக்காரர் என்றால் குடை விற்றவர் இல்லை. நீளமான மஞ்சள் குடை ஒன்றை விரிக்காமலே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். நெரிசலில் அவரைத் தொலைத்தவர்கள்கூடக் குடையைத் தொலைக்க மாட்டார்கள். மழை வந்தால் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாரே தவிர, குடையை விரிக்க மாட்டார். சாயம் போய்விடுமாம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பார். மறுநாள் காலையில் அவர் மனைவி அதை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பாள். குடையின் தண்டில் எப்போதும் பழைய செருப்பு வாடை. "குடை பிடிக்கிறீங்களா, செருப்புக்கடை நடத்துறீங்களா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அவளுக்கும் வேலை இருந்தது. சலவைக் கடையில் துணி வாங்கிக் கொடுக்கிற மேசை அவளுடையது. சீட்டைத் தொலைத்தவர்கள்கூட அவளிடம் பயமில்லாமல் வரலாம். முகத்தைப் பார்த்ததும் சட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். இரண்டு பேருக்கும் விடுமுறை ஒரே நாளில் வந்ததில்லை. அதனால் புருஷன் ஊருக்கெல்லாம் காட்டிய கடைவீதியை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. கடைவீதிதான் தினமும் மாலையில் பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுமே. வறுத்த கடலை, சூடு ஆறாத ரொட்டி, தேன் சொட்டுகிற மிட்டாய், பொட்டலத்துக்கு வெளியே மணக்கிற மிளகு. கூடவே கதைகளும் வரும். இன்ன கிணற்றுக்கு அடியே கிடையாது, இன்ன தராசில் ஒரு ராஜா தன்னையே நிறுத்துப் பார்த்தார் என்று அளப்பார். அதில் பாதி அவர் நடக்க நடக்கக் கட்டியது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் வெளியூரில் இருக்கும் மகள், "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடும்மா" என்றாள். மாப்பிள்ளையும் தங்கமானவர்தான். ஆனால் முட்டிவலியால் சலவைக் கடையை விட்டு ஏற்கெனவே நின்றுவிட்டவளுக்கு ஒன்று புரிந்தது: ஒருமுறை பூட்டினால் அந்தப் பூட்டைப் பிறகு வேறு யாரோதான் திறப்பார்கள். மகள் வீடு தன் வீடு மாதிரிதான். என்றாலும் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் அங்கே சமைக்க வேண்டும். இங்கேயே இருக்க வேண்டுமானால் வருமானம் வேண்டும். அவளுக்குத் தெரிந்து அவர் விட்டுப் போன ஒரே சொத்து வளைவுக்குக் கீழே இருந்த அந்த நிழல்.

குடையைக் கையில் எடுத்துக்கொண்டு வியாபாரிகள் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனாள். அவர் பாத்திரக்கடைக்காரர், எதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அந்த இடத்தின் மேல் ஏற்கெனவே ஒருவனுக்குக் கண். இடுப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றுகிற இளவட்டம் அவன். கடைவீதி அவனுக்கு வைத்த பெயர் மைக்செட்.

"தம்பி தொண்டையும் பெரிசு, கூட்டமும் பெரிசு" என்றார் தலைவர், ஒரு சருவத்தைத் தட்டிக்கொண்டே. "உங்களுக்குக் கடைவீதியில எத்தனை சந்துன்னாவது தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொன்னாள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. குடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்த ஒரு கூட்டம் சனிக்கிழமை வருகிறதாம், எல்லோரும் ஓய்வு பெற்ற டீச்சர்களாம். அவர்களைச் சுற்றிக் காட்டட்டும். முடிவில் தலைவரே வந்து கேட்பார். ஒரு குறையும் இல்லையென்றால் இடம் அவளுக்கு, குறை வந்தால் மைக்செட்டுக்கு. டீச்சர்கள் குறை சொல்லாமல் இருப்பார்களா என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். அதற்கு மேல் அவளுக்கும் வழி இல்லை.

குடைக்காரர் கூட்டிப் போகிற வரிசை மட்டும் அவளுக்கு மனப்பாடம். முதலில் கடைகள், நடுவில் கூடம், கடைசியில் சாப்பாடு. "பசிச்சவன் எதையும் வாங்குவான், வயிறு நெறஞ்சவன் கொட்டாவிதான் விடுவான்" என்று சொல்லிச் சொல்லி, கடைக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கி வைத்திருந்த வரிசை அது. கூடம் என்பது கடைவீதியின் நடுவே நிற்கிற மிகப் பழைய வழிபாட்டு இடம். சுற்றிலும் வேறு கோபுரங்களும் மணிக்கூண்டுகளும் உண்டு. ஆனால் யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வியாபாரத்தைப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை டீச்சர்கள் வந்தார்கள். அவர்களில் தலைமை ஆசிரியையாக இருந்தவர் இன்னும் அதை மறக்கவில்லை. கணக்கு டீச்சர் திருப்பத்துக்குத் திருப்பம் தலைகளை எண்ணினார். அவள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புருஷன் போன நாளிலிருந்து அதை அவள் கண்ணுக்கு மறைவாக வைத்ததில்லை. தூங்கும்போதுகூடக் கட்டில் பக்கத்தில்தான் சாய்ந்திருக்கும்.

துணிக்கடைச் சந்தில் அவள் பாடு கொண்டாட்டமாக இருந்தது. எந்தத் துணி முதல் சலவையிலேயே சுருங்கும், எது பக்கத்துத் துணிக்கும் தன் நிறத்தைக் கொடுத்துவிட்டு வெளுத்துப் போகும் என்று அவள் தொட்டுப் பார்த்துச் சொல்ல, டீச்சர்கள் கடைக்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். கிணற்றருகே வந்ததும், "இது எவ்வளவு ஆழம்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் அடியே இல்லைன்னு சொல்வாரு. எனக்கு நம்பிக்கை இல்லைங்க."

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்போடு கூடத்தின் முன்வாசலுக்கு வந்தார்கள். செருப்பு ஸ்டாண்டுக்காரரிடம் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவர் அவளையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கோ காத்திருப்பவர் போல நின்றார். அவள் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே நிஜமாகவே நன்றாக இருந்தது. உயரத்து ஜன்னல்கள் வழியாகப் புறாக்களும் வெளிச்சமும் சேர்ந்து இறங்கின. தரை குளிர்ந்து கிடந்தது. வெளியே அத்தனை கூச்சல் இருக்கிறது என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்பலாம். கணக்கு டீச்சர்கூட எண்ணுவதை மறந்து கண்ணை மூடினார். ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தபோது, இத்தனை வருஷமும் புருஷன் தினமும் வந்து உட்கார்ந்த இடம் இதுதானா, இல்லை அடுத்த தூணா என்று அவளுக்குத் தோன்றியது. யாரைக் கேட்பது?

அங்கே வழக்கம், முன்வாசலில் நுழைந்தால் பின்வாசலில்தான் வெளியேற வேண்டும். வெளியேறினார்கள். பின்வாசல் மசாலாச் சந்தில் திறந்தது. உச்சி வெயில். கருங்கல் தரை கொதித்தது. அதன் மேல் காய்ந்த மிளகாய் விதைகள் நெடுகச் சிதறிக் கிடந்தன. டீச்சர்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செருப்புகளெல்லாம் கட்டடத்துக்கு அந்தப் பக்கம்.

தலைமை ஆசிரியை ஒற்றைக் காலில் நின்றார். கணக்கு டீச்சர், "எல்லாரும் இருக்கோம், செருப்பைத்தான் காணோம்" என்று அறிவித்தார். நேரம் பார்த்துத் தன் கூட்டத்தோடு அந்த வழியாக வந்த மைக்செட், "வலது பக்கம் பாருங்க, வெறுங்கால் நடைப்பயணம். இது புதுசா ஆரம்பிச்சிருக்காங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனான். மிளகுக் கடைக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. காலிச் சாக்குகளை உதறி நிழலில் விரித்து, "உக்காருங்கம்மா" என்றார்.

அவள் முட்டிவலியை மறந்து ஓடினாள். சந்துகளைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. செருப்பு ஸ்டாண்டுக்காரர் ஒரு சாக்கின் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார்.

"குடை எங்க?" என்றார்.

"கையிலதானே இருக்கு."

"அதான் தப்பு. அண்ணன் குடையை இந்த ஆணியில மாட்டிட்டு உள்ள போவாரு. மாட்டினா, செருப்பைப் பின்வாசலுக்குக் கொண்டு வான்னு அர்த்தம். செருப்பெல்லாம் சாக்குல போட்டு, முடிச்சுல குடையைச் செருகித் தோள்ல தூக்கிட்டுப் போயிடுவேன். மாட்டலன்னா சுத்திக்கிட்டு இங்கதான் வருவாங்கன்னு நானும் இருந்துட்டேன். உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. ராஜா தராசில் ஏறியதைச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு கதையா என்று விட்டிருப்பார். தண்டில் இருந்த வாடை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்து இரண்டையும் சேர்த்தே அடக்கினாள்.

அவர் கையை நீட்டியபடி இருந்தார். அவள் குடையைக் கொடுக்கவில்லை.

"வேற கம்பு இல்லையா?"

"இருக்கு. அது தோள்ல குத்தும்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பத்திரமா வந்துடும் அண்ணி. எத்தனை தடவை கொண்டு போயிருக்கேன்" என்றார்.

கொடுத்தாள். அவர் முடிச்சில் குடையைச் செருகி, மூட்டையைத் தோளில் ஏற்றி, நெரிசலுக்குள் விறுவிறுவென்று நடந்தார். தலைகளுக்கு மேலே மஞ்சள் மட்டும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அந்தக் குடைக்குப் பின்னால் நடந்தாள். வெளியூர்க்காரி மாதிரி, எங்கே திரும்புகிறது என்று அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். எந்த இடத்திலும் வழி தவறவில்லை.

மிளகுக் கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்த டீச்சர்களுக்குக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக மசாலாவை வைத்து முகரக் கொடுத்து, ஆளுக்கொரு பொட்டலம் விற்றிருந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்துப் பழக்கடைக்காரரும் சாறு பிழிந்து நீட்டியிருந்தார். மூட்டை அவிழ்ந்ததும் செருப்புகள் குவியலாகக் கொட்டின. எது யாருடையது என்று சண்டை தொடங்குமுன் அவள் குனிந்தாள். காலையில் வளைவுக்குக் கீழே வரிசையாக நின்றவர்களைப் பார்த்தது சலவைக் கடைக் கண் அல்லவா. புடவையைப் பார்த்தாள், செருப்பை நீட்டினாள். ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். தலைமை ஆசிரியைக்கும் கணக்கு டீச்சருக்கும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். அது ரொட்டிக்கடை வாசலில், இரண்டு பேருக்கும் கால் கடித்தபோதுதான் தெரிந்தது.

ரொட்டி சூடாக இருந்தது, மிட்டாய் சொட்டியது. எல்லோரும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த நேரம் பார்த்துச் சங்கத் தலைவர் வந்து நின்றார். பின்னாலேயே மைக்செட்டும் வந்திருந்தான். மசாலாச் சந்தில் நடந்ததை அவன் அதற்குள் ஒலிபரப்பியிருக்க வேண்டும்.

"குறை ஏதாவது உண்டாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

அவள் தலைமை ஆசிரியையின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். குதிகால் சிவந்திருந்தது.

"இருக்கு" என்றார் தலைமை ஆசிரியை. மிட்டாயை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். "கால் பொசுங்கிப் போச்சு. செருப்பு மாறிப் போச்சு. இந்தப் பையன் போற வழியில கிண்டல் பண்ணிட்டுப் போனான், அதுவும் இருக்கு. ஆனா செருப்பு போனதும் இந்தம்மா எங்களைக் குறை சொல்லல, யாரையும் குறை சொல்லல, தானே ஓடிப் போய் எடுத்துட்டு வந்தாங்க. எங்க பழைய மாணவிகள் அடுத்த மாசம் வராங்க. அவங்களையும் இவங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

தலைவர் பக்கத்தில் தட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் தன் உள்ளங்கையையே தட்டிக்கொண்டார். "ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்று இழுத்தார். "இங்க மூணு இருக்கு. ஒண்ணு இவன் கணக்கு. மீதி ரெண்டை அடுத்த மாசம் சரிபண்ணிடுங்கம்மா."

மைக்செட் தலையைச் சொறிந்தான். மாலையில் அவளிடம் வந்து, கூடத்தில் நுழைந்தால் தானும் தினமும் செருப்புக்காகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடுவதாகவும், அந்த ஆணியைத் தனக்கும் சொல்லித் தரலாம் அல்லவா என்றும் அக்கா போட்டுக் கேட்டான். முதலில் சொந்தமாக ஒரு குடை வாங்கிக்கொள் என்றாள்.

அன்றிரவு மகளிடம் போனில், இப்போதைக்கு வரமுடியாது, அடுத்த மாசம் ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னாள். யாரும்மா வராங்க என்று மகள் பதறினாள். பழைய மாணவிகள் என்று சொல்லிவிட்டு அவள் சிரித்ததைக் கேட்டதும், அப்பா போனதுக்கப்புறம் அம்மா சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று மகள் மாப்பிள்ளையிடம் சொன்னாளாம்.

இப்போதும் வளைவுக்குக் கீழே அவளைப் பார்க்கலாம். குடையக்கா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கிணற்றுக்கு அடி உண்டு என்றுதான் சொல்கிறாள். கூடத்து வாசல் வந்ததும் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போகிறாள். ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்ப்பாள். பிறகு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பாள்.