லவீனா துப்பிய மிளகாய்

லவீனாவின் வயிற்றுக்குத்துக்குக் குருநகரில் மருந்து சொல்லாத ஆள் பக்கத்து வீட்டுக்காரியான நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கும் தெரியாதுதான், அதற்காக வாய் சும்மா கிடக்குமா?

கலியாணம் கட்டினால் மாறும் என்றார்கள். ஜெரிசனைக் கட்டினாள், மாறவில்லை. பிள்ளை பெற்றால் மாறும் என்றார்கள். பிள்ளை தங்கவில்லை, அதற்கும் அவள்தான் குற்றவாளி. மாதவிடாய் வந்தால் சந்தையில் தான் மீன் விற்கும் பலகைக்குப் பின்னால் சுருண்டு கிடப்பாள். "எல்லாப் பொம்பிளையளுக்கும் உள்ளதுதானே, உவளுக்கு மட்டும் என்ன புதினம்?" என்பார் மாமியார் மரியநாயகி.

அவருடைய வைத்தியம், ஊரார் கண்ணும் நாக்கும் பட்ட நாவூறு கழிப்பது. செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி, அதில் லவீனாவைத் துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவார். நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பது ஊர்க் கணக்கு. ஒவ்வொரு முறையும் வீடே இருமும். "கடும் நாவூறு, அதுதான் இந்தக் கமறல்" என்பார். கெட்டிக்காரி.

சந்தையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஜெரிசன் அவளை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனான். அவன் வெளியிலேயே நின்றுவிட, துணைக்கு உள்ளே போனது நான்.

"எண்டோமெற்றியோசிஸ் போலை கிடக்கு" என்றார் டொக்ரர் அம்மா. "கருப்பைக்கு உள்ளை இருக்கவேண்டிய சதை வெளியிலை ஒட்டி வளருது. உடம்பிலை சின்னச் சின்ன ஆர்.என்.ஏ இருக்கு, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யவேணும் எண்டு அடக்கி வைக்கிறது அதுகள்தான். இந்த வருத்தத்திலை அதுகளின்ரை அளவு குழம்பிப்போகுது. வெளிநாட்டிலை துப்பலிலையே அதைப் பாக்கினம். அதைச் சரிசெய்யிற மருந்து இன்னும் ஆராய்ச்சியிலைதான். இஞ்சை நாங்கள் கமரா விட்டுப் பாத்து, இருந்தால் வெட்டி எடுப்பம்."

லவீனா அழுதாள். தனக்கு இருப்பது உண்மையான நோய், வருத்தம்தான் என்று ஒருவர் சொன்ன சந்தோசத்தில் அழுதாள். எனக்கு வந்தது ஆத்திரம். எத்தனை வருடத் துப்பலை அடுப்பில் கொளுத்தியிருக்கிறோம்.

வீட்டில் மரியநாயகி மிளகாயோடு நின்றார். "ஒப்பறேசனோ? வயித்திலை கத்தி வைச்சால் பேந்து பிள்ளை எங்கை? முதல்லை துப்பு." ஜெரிசன் வழமைபோலத் தாயின் முகத்தைப் பார்த்தான்.

லவீனா துப்பினாள். அடுப்புப் புகைந்தது, எல்லோரும் இருமினோம்.

"மாமி, இருமுறியளோ?"

"ஓம்."

"அப்ப நாவூறு இல்லை. உங்கடை மிளகாய்தான் சொல்லுது. எனக்கு வருத்தமில்லாமல் வேறை என்ன, மாமி?"

ஜெரிசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒப்பறேசனுக்கு எப்ப வரச்சொன்னவை?" என்று கேட்டான். கண்ணீர் மிளகாய்க்கா, மனிசிக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒப்பறேசன் முடிந்து, கருப்பையும் குடலும் ஒட்டிக்கிடந்த படத்தை டொக்ரர் காட்டினார். மரியநாயகி பார்த்துவிட்டு வந்தார். "நான் அப்பவே சொன்னனான், என்ரை மருமகளுக்குப் பெரிய வருத்தமெண்டு" என்று இப்போது சந்தை முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லவீனா என் கையைப் பிடித்தாள்.

"சொல்லட்டும் அக்கா. வருத்தமெண்டு சொல்லுறாதானே."